போதாது என்று கூப்பிட்டவர்

முள்ளிச்செவல் மடத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

குரு பூவலிங்க அடிகளுக்கு நாற்பது ஆகவில்லை. சீடர் சிவனணைந்தான் அறுபதை நெருங்கியவர், தாடி முழுக்க வெள்ளை. புதிதாக வருகிறவர்கள் நேராகப் போய்ச் சீடர் காலில் விழுவார்கள். அவர் பதறி விலகுவார். அடிகள் சிரிக்காமல், விழுந்தது விழுந்தாச்சு, திருநீறு பூசி அனுப்புங்க அண்ணாச்சி என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்றார், சீடர் குருவைச் சாமி என்றார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களின் சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. உச்சிப் பூசை முடிந்ததும் ஒருவர் வாசலுக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். சாலையின் இரு பக்கமும், பிறகு காட்டுப் பக்கமும் திரும்பி, வாய்விட்டுக் கூப்பிட வேண்டும்.

"சோறு இருக்கு. பசிச்சவங்க வாங்க."

வந்தவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மடத்தார் இலை போட்டு உட்காருவார்கள்.

கூப்பிடும் வேலை சிவனணைந்தானுக்கு. துறவு கொள்வதற்கு முன் அவர் மிளகாய் மண்டியில் ஏலம் கூவியவர். வியாபாரிகள் என்ன விலை கேட்டாலும், போதாது, போதாது, மேலே கேளுங்க என்று கூவுவதே அவர் பிழைப்பு. அந்தச் சொல்லை அவர் அளவுக்குச் சொன்ன மனிதர் அந்தச் சீமையில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. மிளகாய் நெடியில் நாளெல்லாம் கத்திப் பழகிய தொண்டை. மடத்து வாசலில் நின்று அவர் கூப்பிட்டால், கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் தலை தூக்கிப் பார்ப்பார்கள்.

மடத்துச் சமையல்கட்டில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. அரிசி எவ்வளவு குறைந்தாலும் போதாது என்று யாரும் வாயால் சொல்லக் கூடாது. சமையல் செய்யும் மாடத்தியம்மாள் அதில் கண்டிப்பானவள். புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் சொல்லிவிட்டபோது, அந்தப் பேச்சுக்கு இங்க அடுப்பு கெடையாது என்றாள். ஆள் அதிகம் என்றால் உலையில் இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றுவாள். அவ்வளவுதான்.

அந்த ஊர்க்காரர்கள் மழை போதும் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. கண்மாய் உடைத்துக்கொண்டு போன வருஷத்தில்கூட, நேரத்துக்குப் பெய்யலை என்றார்கள். அதனால் முதல் வருஷம் மழை பொய்த்தபோது அவர்கள் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமும் பொய்த்தது. அப்போது அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

கண்மாய் வெடித்துக் கிடந்தது. மடத்துக் கிணறும் வற்றியது. அடிகள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கி அடிப்பாறையை வெட்டத் தொடங்கினார். ஊர் ஆட்கள் சிலர் முறை வைத்துக்கொண்டு வந்து உடன் வெட்டினார்கள். காலைப் பூசை முடிந்து இறங்கினால் வெயில் சாயும்போதுதான் அடிகள் மேலே வருவார். உச்சிப் பூசையைச் சிவனணைந்தானிடம் விட்டுவிட்டார்.

ஆற்றுப் பாசனத்து ஊர்களிலிருந்து மடத்துக்கு வரும் நெல் வண்டிகள் குறைந்தன. பிறகு நின்றன. சிவனணைந்தான் தினமும் நெல் பத்தாயத்துக்குள் எட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க நெல் ஏறப்போவதில்லை என்று மாடத்தியம்மாள் சொன்னாள். கார்த்திகையில் மழை பெய்தால் உண்டு. அதுவரை இருக்கிற நெல் வராது என்பது அவருக்குத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக எரிந்த அடுப்பு தன் காலத்தில் அணையக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். முடிவு செய்தால் மாறுகிறவர் இல்லை.

ஒருநாள் உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போனார். கல் ஏற்றும் கூடையின் கயிறு அறுந்துவிட்டதால், அடிகள் மேலே வந்து வேறு கயிறு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கவிருந்தார்.

"சாமி, உள்ள இருக்கிறது போதாதுன்னு தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே சோறு இருக்கு, வாங்கன்னு கூப்பிடுறது பொய் இல்லையா?"

அடிகள் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

"இன்னைக்குக் கூப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"கூப்பிட்டுட்டு வாங்க, பேசுவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சிவனணைந்தான் வாசலுக்கு வந்தார். சாலையின் இரு பக்கமும், காட்டுப் பக்கமும் திரும்பினார். கூப்பிட்டார். சொற்களில் ஒன்றையும் குறைக்கவில்லை. குரலைக் குறைத்துக்கொண்டார். வாசல் வேம்பில் இருந்த காக்கைகூட அசையவில்லை.

சாலையில் ஓலைப்பெட்டி சுமந்து ஒருவன் போய்க்கொண்டிருந்தான். நடையைப் பார்த்தால் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவன் போலத் தெரிந்தது. அவனுக்குக் கேட்கவில்லை. வளைவில் மறையும் வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு சிவனணைந்தான் நின்றார். பிறகு உள்ளே போனார். கிணற்றடிக்குப் பேசப் போகவில்லை.

மறுநாளும் அப்படியே கூப்பிட்டார். அதற்கு மறுநாளும்.

மடத்து வாசலைக் கண்ணால் பார்த்தவர்கள் மட்டும் உள்ளே வந்தார்கள். காட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் வரவில்லை. பானையில் சோறு மிஞ்சத் தொடங்கியது. பத்தாயத்தில் நெல் இறங்கும் வேகம் தணிந்தது. இப்படியே போனால் கார்த்திகையைப் பிடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டார். வழக்கத்தை விடவில்லை, பொய்யும் சொல்லவில்லை, அடுப்பும் எரிகிறது. தன் யோசனையில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மிஞ்சிய சோற்றை மாடத்தியம்மாள் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, ஆடிக் காத்தையே அடக்கிப் பேசுற தொண்டை. இப்ப அடுப்படியில இருக்கிற எனக்கே கேக்க மாட்டேங்குது?"

தொண்டை கட்டியிருக்கிறது என்றார். அன்று முதல் அவள் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்து முடிக்கும் வரை எதிரே நின்றாள். இல்லாத வலிக்கு அவர் தினமும் மருந்து குடித்தார். அது காரமாக இருந்தது. அந்த வறட்சியில் மிளகை வீணாக்குகிறோமே என்று ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. குரல் தேறவில்லையே என்று அவள் நாளுக்கு நாள் மிளகைக் கூட்டினாள்.

புரட்டாசி பிறந்தது. ஒருநாள் உச்சிப் பூசை முடிந்து, கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்பாக, மடத்து வாசலில் இரண்டு வண்டிகள் வந்தன. முன் வண்டி நின்றது. பின் வண்டி அதன் பின்னால் நின்றது. இரண்டிலும் பாய், பானை, அம்மி, குழவி. பின் வண்டிக்குப் பின்னால் ஓர் ஆடு கட்டியிருந்தது. முன் வண்டியிலிருந்து இருளப்பன் இறங்கினான். ஊரின் மேலத்தெருக் குடியானவன். சொந்தமாகக் கரிசல் உண்டு. யார் வீட்டிலும் கை நனைக்காதவன் என்று பெயர். மடத்துக்குத் திருவிழாவன்று வந்து கும்பிட்டுவிட்டுப் போவதோடு சரி. கிணறு வெட்ட முறை வைத்தபோது முதலில் வந்தவனும் அவன்தான். ஒரு வாரமாக வரவில்லை.

சொல்லாமல் போகக் கூடாது என்று வந்ததாகச் சொன்னான். திருநீறு வாங்கிக்கொண்டு கிழக்கே போகிறார்களாம். உப்பளத்தில் வேலை இருக்கிறதாம். பின் வண்டியில் இருப்பது அவன் பங்காளி. நாளைக்கு இன்னும் நாலைந்து குடும்பங்கள் கிளம்புகின்றன என்றான்.

கார்த்திகையில் மழை விழுந்தால் யார் விதைப்பது என்று சிவனணைந்தான் கேட்டார். இவ்வளவு நாள் பொறுத்தவர்கள் இன்னும் இரண்டு மாசம் பொறுக்கக் கூடாதா என்றார்.

இருளப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மடத்துலயே கூப்பாடு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நாங்க என்னத்த நம்பி இருக்கிறது சாமி?"

"யார் சொன்னா நின்னுபோச்சுன்னு? தினமும் நான்தான கூப்பிடுறேன்."

"எங்களுக்குக் கேக்கலையே."

"நீ ஒருநாளும் வந்து இங்க சாப்பிட்டதில்லையே இருளப்பா."

"சாப்பிடவா கேட்டோம்?"

அவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். வண்டிக்குள் அவன் மனைவி செங்கமலம் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு அவனே சொன்னான். உங்கள் சத்தம் கேட்டால்தான் இவள் உலை வைப்பாள். உலையில் போட ஒன்றும் இல்லாத நாளில் பிள்ளைகள் அழும். மடத்தில் சோறு இருக்கிறது, கூப்பிடுகிறார்கள் பார், ரொம்ப முடியாவிட்டால் போகலாம் என்று சொல்லி அதட்டுவாள். பிள்ளைகள் அடங்கிவிடும். ரொம்ப முடியாத நாளும் வந்தது. அன்றும் போகவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தோம். அப்படியே இரண்டு வருஷம் ஓட்டியாயிற்று.

"இப்ப அதட்டுறதுக்கு அவளுக்கு ஒண்ணுமில்ல" என்றான்.

சிவனணைந்தான் இரு என்று கை காட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அந்த வயதில் கிணற்றுப் படியில் இறங்க வேண்டாம் என்று அடிகள் சொல்லியிருந்தார். இறங்கினார். கீழே அடிகளும் ஊர்க்காரர் ஒருவரும் மட்டும் இருந்தார்கள். பாறைத்தூள் படிந்து அடிகளின் தலையும் நரைத்தது போல இருந்தது.

நடந்ததை முழுக்கச் சொன்னார். குரலைக் குறைத்ததை, ஓலைப்பெட்டிக்காரனை, தொண்டைக் கட்டு என்று சொன்ன பொய்யை, வாசலில் நிற்கும் வண்டிகளை. தான் அடுப்பைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்றும் சொன்னார்.

அடிகள் கடப்பாரையைச் சாய்த்து வைத்தார்.

"இப்ப பானையில எவ்வளவு இருக்கு?"

"அரைப்பானைக்கும் கீழ."

"சரி" என்றார் அடிகள். மேலே ஏறி, நேராகச் சமையல்கட்டுக்குப் போய், இரண்டு துணியால் பானையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். மாடத்தியம்மாள் நிலைப்படியில் குறுக்கே நின்றாள். சோற்றுப்பானை அந்தப் படியைத் தாண்டியதே இல்லை. பரிமாறுகிற பாத்திரத்தில் அள்ளித்தான் வெளியே போகும்.

"பானை அடி தெரியுது சாமி. மடத்து மானம் போயிரும்."

"அடி தெரியட்டும்னுதான் ஆத்தா கொண்டுபோறேன். வழி விடுங்க."

அவள் விட்டாள். மனசில்லாமல்தான் விட்டாள். பின்னாலேயே கரண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அடிகள் பானையைச் சாலை ஓரத்தில், வண்டிக்கு முன்னால் இறக்கி வைத்தார். மூடியை எடுத்தார். இருளப்பன் எட்டிப் பார்த்தான். பங்காளியும் வண்டியிலிருந்தபடி கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

"கூப்பிடுங்க அண்ணாச்சி" என்றார் அடிகள். "மண்டியில கூவின மாதிரி. உள்ளதைச் சொல்லிக் கூப்பிடுங்க."

"போதாதுன்னா சொல்லணும்?"

"உங்களுக்குப் போதும்னு தோணுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன."

சிவனணைந்தான் சாலையின் நடுவில் போய் நின்றார். மேலே கேளுங்க என்பதற்காகவே அந்தச் சொல்லை முப்பது வருஷம் கூவியவர். இப்போது விற்க ஒன்றும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. வாயைத் திறந்தார், மூடினார். மாடத்தியம்மாள் பொறுமை இழந்து, கஷாயம் வேணுமா என்றாள்.

அவர் கிழக்கே திரும்பினார்.

"சோறு இருக்கு. எல்லாருக்கும் போதாது. பசிச்சவங்க வாங்க."

வேம்பிலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. வண்டி மாடுகள் காதைத் தூக்கின. மேற்கே திரும்பிக் கூப்பிட்டார். காட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். கண்மாய்க்கு அந்தப் பக்கம் போய் மோதி, அந்தச் சொல் ஒருமுறை திரும்பி வந்தது.

முதலில் பங்காளியின் வண்டி கிளம்பியது. போதாதுன்னு அவங்களே சொல்றாங்கல்ல என்று அவன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. மாட்டைத் தட்டி, விலகி, கிழக்கே போனான். வண்டியோடு ஆடும் போனது. போகுமுன் அடிகள் அவனுக்குத் திருநீறு பூசி அனுப்பினார், தடுக்கவில்லை.

செங்கமலம் புருஷனைக் கேட்காமல் வண்டியிலிருந்து இறங்கினாள். பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள். பானைக்குள் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். இதைச் சோறாகப் போட்டால் பத்துப் பேருக்குத்தான் வரும், கஞ்சியாகக் கரைத்துவிடலாம் என்று மாடத்தியம்மாளிடம் சொன்னாள். எங்க அடுப்படியில எனக்கே யோசனையா என்று மாடத்தியம்மாள் கேட்டாள். கேட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

கரிமூட்டம் போடுகிற பெண்கள் காட்டுப் பக்கமிருந்து வந்தார்கள். ஆடு மேய்ப்பவர்கள் வந்தார்கள். அவர்கள் எப்போதும் வருகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஊருக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள், இதுவரை மடத்தில் கை நனைக்காதவர்கள். சிலர் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். போதாதுன்னு கூப்பிட்டது கேட்டுச்சு, என்னன்னு பாக்க வந்தோம் என்றார் ஒரு பெரியவர். பார்த்தாச்சுல்ல, உக்காருங்க என்று மாடத்தியம்மாள் அவர் கையில் தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்தாள்.

ஆளுக்கு ஒரு சிரட்டைக் கஞ்சி. பாதிப் பேருக்குப் பிறகு அரைச் சிரட்டை. கடைசி வரிசைக்கு வந்தபோது பானை வழித்தாகிவிட்டது. உப்புப் போட்ட சுடுதண்ணீரில் ஒட்டியிருந்த பருக்கைகளை அலசி ஊற்றினார்கள். மடத்தார் யாரும் சாப்பிடவில்லை. செங்கமலமும் சாப்பிடவில்லை.

இருளப்பன் மாடுகளை அவிழ்த்து வேம்படியில் கட்டினான். யாரும் கேட்காமலே, வெயில் தாழட்டும் என்றான்.

வெயில் தாழ்ந்தது. சிவனணைந்தான் பானையைக் கவிழ்த்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாடுகள் அசைபோட்டுக்கொண்டு வேம்படியிலேயே நின்றன. இருளப்பனை அங்கே காணவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து இரண்டு கடப்பாரைகளின் ஓசை மாறி மாறி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்று நின்றது. அடிகள் மேலே வந்து, அவருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கைகளில் கொப்புளம் உடைந்திருந்தது.

சிவனணைந்தான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"போதலையே சாமி. கடைசியா வந்த பிள்ளைக்கு உப்புத்தண்ணிதான் கெடைச்சுது. குடிச்சிட்டு என்னைப் பாத்துது."

"நானும் பாத்தேன்."

"நாளைக்கு இன்னும் அதிகம் பேர் வருவாங்க."

"வருவாங்க."

"கார்த்திகை வரைக்கும் நெல்லு நிக்காது."

"நிக்காது."

"அப்ப நாளைக்கும் போதாது."

"போதாதுதான்" என்றார் அடிகள். "கொஞ்சம் முந்தியே கூப்பிடுங்க அண்ணாச்சி. தூரத்துல இருக்கிறவங்க நடந்து வரணும்."